கரியமிலவாயுவைச் சிறைசெய்தல்

இரசாயனச் சோதனைச்சாலையிற் புகும் மாணவர் முதன்முதற் செய்து மகிழும் சோதனைகளுள் ஒன்று மிக எளியது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு கண்ணாடிக் குழாயை இட்டு வாயால் ஊதுவர்; சிறிது நேரத்தில் நீர் பாலென வெளுக்கும். நம் மூச்சிலுள்ள கரியமிலவாயு சுண்ணாம்போடு கூடி மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் பொருளாய் மாறுதலே அவ்வெண்மைக்குக் காரணம். ஸ்காத்லாந்து தேசத்து ஜோசப் பிளாக் என்னும் அறிஞர் இவ்வாயுவைத் தராசு கொண்டு ஆராய்ந்து, தம் முடிவுகளை 1756ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதன் நிறை குறைகின்றதென்றும், குறைந்த நிறை வாயுவாய் வெளிப்படுகின்றதென்றும் அவர் கண்டார். கல்லினுள் நிலைபெற்றிருந்த காற்றாதலின் அதற்கு 'நிலைத்த காற்று' என்று பெயரிட்டார்.

அந்நாளில் அறிஞர்க்கு ஒரு விநோதப் பொருளாயிருந்த அவ்வாயு, இந்நாளில் உலகத்தார் அனைவர்க்கும் பெருங்கவலையாயிற்று. நிலத்தினடியில் நிலைத்துக் கிடந்த கரியையும் எண்ணெயையும் அகழ்ந்தெடுத்து எரித்து, நிலைத்ததை நாம் நிலைபெயர்த்துவிட்டோம். இயந்திரத் தொழில் பெருகுமுன் வாயுமண்டலத்தின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காயிருந்த கரியமிலவாயு, 2024ஆம் ஆண்டில் 420 பங்கையும் கடந்தது. இவ்வாயு மிகுந்தாற் பூமியின் உஷ்ணம் மிகும் என்பதைச் சுவீடன் தேசத்து அரீனியஸ் 1896ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். உஷ்ண மிகுதியை 2 பாகைக்கு மிகவும் கீழாக நிறுத்துவதென்றும், 1.5 பாகையோடு நிறுத்த முயல்வதென்றும் உலக அரசாங்கங்கள் 2015ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் உடன்பட்டன.

இந்நிலையில், புகைபோக்கியின் வாயிலேயே கரியமிலவாயுவைப் பிடித்து, பூமியின் ஆழத்தில் அடைத்துவைக்கும் முறையைப் பற்றி இருசாரார் இருவிதமாகப் பேசுகின்றனர். இஃதொன்றே சகல நோய்க்கும் மருந்து என்பர் ஒரு சாரார். எண்ணெய் வணிகர் காலங்கடத்தச் செய்யும் சூழ்ச்சியே இஃது என்பர் மற்றொரு சாரார். இருதிறத்தார் கூற்றிலும் உண்மையில் ஒவ்வொரு பங்கே உண்டென்பது நம் துணிபு. இம்முறையைப் பெருக்கத்தான் வேண்டும். ஆயின், வேறு வழியில்லாத தொழில்களுக்கே அது முதலிற் பயன்பட வேண்டும். அதன் செலவு வாயுவை எழுப்புவோரையே சார வேண்டும். புதைத்து முடிந்த வாயுவே கணக்கில் ஏற வேண்டும். இம்மூன்றுமின்றிப் பெருக்கப் புகின், பெருகுவது வாக்குறுதியே யன்றி வேறன்று.

முதலில், இஃது இயலுமா என்னும் ஐயத்தைத் தீர்ப்போம். நார்வே தேசத்துக்கு மேற்கே வடகடலில் ஸ்லைப்னர் என்னும் வாயுக்கிணற்று நிலையம் உண்டு. அங்கு எழும் இயற்கை வாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு கரியமிலவாயு. விற்பனைக்குரிய வாயுவிலோ அது 2.5 பங்குக்கு மேற்படலாகாது. ஆதலின் அதனைப் பிரித்தே தீரவேண்டும். அம்மோனியாவின் இனத்தைச் சேர்ந்த அமீன் என்னும் பொருளின் கரைசலில் வாயுவைக் கழுவினால், கரியமிலவாயு அதிலே தங்கும். பின்பு கரைசலைச் சூடாக்கினால் அது தனியே வெளிவரும். இவ்வித்தை 1930ஆம் ஆண்டிலேயே தனியுரிமை பெற்ற பழைய வித்தை. பிரித்த வாயுவை ஆகாயத்தில் விட்டுவிடுதலே எங்கும் வழக்கமாயிருந்தது.

நார்வே அரசாங்கம் 1991ஆம் ஆண்டில், கடலிடை எண்ணெய்த் தொழிலார் வெளிவிடும் கரியமிலவாயுவுக்கு வரி விதித்தது. வரி கொடுப்பதினும் புதைத்தலே இலாபமென்று கண்ட தொழிலார், 1996ஆம் ஆண்டு முதல் அதனைக் கடற்றரைக்குக் கீழுள்ள உத்சிரா என்னும் மணற்பாறைப் படுகையிற் செலுத்தலாயினர். எண்ணூறு மீட்டருக்கும் மிகுந்த அவ்வாழத்தில் அழுத்தம் பெரிதாகையால், கரியமிலவாயு நீர்மத்தை ஒத்த அடர்த்தி பெற்று, பாறையின் நுண்டுளைகளிலுள்ள உவர்நீரை ஒதுக்கிக்கொண்டு அங்கே தங்குகின்றது. மேலே களிப்பாறை மூடிபோற் கவிந்து அதனை எழவொட்டாது தடுக்கின்றது. காலஞ்செல்ல, ஒரு பகுதி உவர்நீரிற் கரையும். கடலின் மேலிருந்து அதிர்வலைகளை அனுப்பி, அவற்றின் எதிரொலியைக் கொண்டு, வாயு எங்கெங்கே பரவியுள்ளதென்று அவ்வப்போது ஆராய்கின்றனர். இவ்வாறு இதுகாறும் ஏறத்தாழ 2 கோடி டன் அங்கே அடைபட்டுள்ளது.

இதிலிருந்து நாம் கற்பன இரண்டு. ஒன்று, நல்ல பாறையைத் தேர்ந்தெடுத்து நன்கு கண்காணித்தால் வாயு அடங்கியிருக்கும் என்பது. தகுந்த இடமாயின் ஆயிரம் ஆண்டிலும் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் தங்கியிருத்தல் கூடுமென்று ஐக்கிய நாடுகளின் காலநிலை ஆய்வுக் குழுவினர் 2005ஆம் ஆண்டு அறிக்கையிற் கூறினர். மற்றொன்று, அறுபதாண்டுக் காலம் கையிலிருந்த வித்தையை இவ்வேலைக்கு ஏவியது ஒரு வரி என்பது.

இனி, இம்முறையின் தோல்விகளையும் மறைத்தலாகாது. அதே நார்வேயின் பிரதமர் ஸ்டோல்டன்பர்க், 2007ஆம் ஆண்டுப் புத்தாண்டுச் செய்தியில், மோங்ஸ்டாட் என்னுமிடத்தில் இவ்வேலையைப் பேரளவில் நடத்துதலை, சந்திரனில் மனிதர் இறங்கிய செயலுக்கு ஒப்பிட்டுப் பேசினார். சோதனை நிலையம் 2012ஆம் ஆண்டில் எழுந்தது. பேரளவுத் திட்டமோ அடுத்த ஆண்டிலே கைவிடப்பட்டது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்துக் கெம்பர் மின்னிலையம், 750 கோடி டாலர் அளவு செலவான பின்னர், 2017ஆம் ஆண்டில் நிலக்கரித் திட்டத்தைத் துறந்து இயற்கை வாயுவுக்கே திரும்பியது. கோபுரம் கட்ட விரும்பினவன் முன்னே உட்கார்ந்து செலவைக் கணக்குப் பாராமற்போன உவமையை நம் வாசகர் அறிவர். கானடாவின் பவுண்டரி டாம் மின்னிலையம் 2014ஆம் ஆண்டில் ஆண்டுக்கு 10 இலட்சம் டன் பிடிப்பதாகத் தொடங்கிப் பெரும்பாலான ஆண்டுகளில் அவ்வளவை எட்டவில்லை. டெக்ஸாசின் பெட்ரா நோவா நிலையம், பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணற்றுக்குள் செலுத்தி எஞ்சிய எண்ணெயை எழுப்பி விற்றே வாழ்ந்தமையால், எண்ணெய் விலை வீழ்ந்த 2020ஆம் ஆண்டில் நின்றுபோய், 2023ஆம் ஆண்டிலே மீண்டும் தொடங்கியது.

நிலத்தடியிலும் இடர் உண்டு. அல்ஜீரியாவின் இன் சாலா என்னுமிடத்தில் 2004ஆம் ஆண்டு முதல் நடந்த புதைப்பு, மூடுபாறையின் உறுதியைப் பற்றி ஐயமெழுந்ததனால் 2011ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பாரோ தீவிலுள்ள கோர்கன் நிலையம் 2016ஆம் ஆண்டிலே வாயுவை ஏற்றுமதி செய்யத் தொடங்கியும், புதைப்பை 2019ஆம் ஆண்டிலேதான் தொடங்கிற்று. ஆண்டுக்கு 40 இலட்சம் டன் வரை புதைப்பதாகச் சொன்ன அந்நிலையம், பாறையின் அழுத்தத்தை அடக்க மாட்டாமையால், 2023-24ஆம் ஆண்டில் அதிற் பாதியையும் புதைக்கவில்லை. விற்கும் வேலை முந்தியும் புதைக்கும் வேலை பிந்தியும் நடந்த அவ்வரிசையைக் கவனிக்க.

நிற்க. அளவை நோக்குவோம். உலகில் எரிபொருளாலும் தொழில்களாலும் 2023ஆம் ஆண்டில் வெளிப்பட்ட கரியமிலவாயு ஏறத்தாழ 3,700 கோடி டன். உலகிலுள்ள இத்தகைய நிலையங்களெல்லாம் சேர்ந்து பிடிக்கக்கூடியதோ ஆண்டுக்கு ஏறக்குறைய 5 கோடி டன். எழுநூற்றில் ஒரு பங்கு. அதனுள்ளும் பெரும்பகுதி எண்ணெயை எழுப்பவே செலவாகின்றது. சர்வதேச எரிசக்தி நிறுவனத்தார் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட திட்டத்தில், 2050ஆம் ஆண்டில் 760 கோடி டன் பிடிக்கவேண்டும் என்று கணக்கிட்டனர். இப்பொழுது உலகம் ஓராண்டில் எடுக்கும் கச்சா எண்ணெயின் நிறை ஏறத்தாழ 450 கோடி டன்னே. எண்ணெய்த் தொழில் 1859ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாவிற் கிணறு தோண்டிய நாள்முதல் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து அடைந்த அளவையும் மிஞ்சியதொரு தொழிலை, இலாபத்தின் தூண்டுதலின்றி, இருபத்தைந்து ஆண்டுகளில் எழுப்பவேண்டும் என்பதே இதன் பொருள்.

இக்கணக்கைக் கண்டு மலைப்பவர், 'ஆகவே இதனை விட்டொழிப்போம்' என்பர். நாம் அங்ஙனம் கூறோம். புதைக்க வேண்டிய வாயுவின் அளவையே குறைக்க வேண்டும் என்பதே இக்கணக்கு நமக்குக் கற்பிப்பது. நிலக்கரி மின்னிலையத்தின் புகையில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கே கரியமிலவாயு. மற்றவற்றினின்றும் அதனைப் பிரித்து அழுத்துவதற்கு, அந்நிலையம் தரும் ஆற்றலிலே ஐந்தில் ஒரு பங்கு போலச் செலவாகும். சூரிய ஒளியாலும் காற்றாலும் புகையின்றியே மின்சாரம் பெற வழியிருக்க, கரியை எரித்து, புகையைக் கழுவி, பிடித்ததைப் புதைத்தல், சேற்றை மிதித்துப் பின் காலைக் கழுவுதல் போலும். மிதியாதிருக்க வழியுள்ள இடத்தில் மிதியாதிருத்தலே அறிவு.

மிதியாதிருக்க வழியில்லாத இடமும் உண்டு. சிமெண்டே அதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. பிளாக் தம் தராசிற் கண்டதையே இன்றும் காண்கின்றோம்: நூறு இராத்தல் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 இராத்தல் சுண்ணாம்பும் 44 இராத்தல் கரியமிலவாயுவும் உண்டாகும். சூளைக்குக் கரியை இடாமற் சூரிய வெப்பத்தையே ஊட்டினாலும், கல்லினுள்ளிருந்து வரும் அந்த 44 இராத்தல் வந்தே தீரும். சிமெண்டுத் தொழிலால் எழும் கரியமிலவாயுவிற் பாதிக்கு மேற்பட்டது இவ்வாறு கல்லிலிருந்தே வருவது. சிமெண்டின்றிப் பாலமுமில்லை, அணையுமில்லை, ஏழைக்கு ஒழுகாத வீடுமில்லை. இத்தகைய தொழிலுக்கன்றோ இம்முறை முதலில் உரியது?

இதனை நார்வே மக்கள் தம் தோல்வியினின்றும் கற்றனர் என்னலாம். மோங்ஸ்டாட் திட்டம் வீழ்ந்தபின், அந்நாட்டுச் சட்டசபையார் 2020ஆம் ஆண்டில் வேறொரு திட்டத்துக்கு இசைந்து, செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கமே ஏற்கச் செய்தனர். அதன்படி பிரேவிக் என்னும் ஊரிலுள்ள சிமெண்டுத் தொழிற்சாலையில் ஆண்டுக்கு 4 இலட்சம் டன் பிடிக்கும் நிலையம் 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது. அச்சாலையின் புகையில் இஃது ஏறத்தாழப் பாதி. பிடித்த வாயுவை நீர்மமாக்கி, கப்பலில் ஏற்றி, மேற்குக் கரையிலுள்ள ஒய்கார்டன் என்னுமிடத்துக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து 100 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய்வழியே கடலடியில் 2,600 மீட்டர் ஆழத்திற் செலுத்துகின்றனர். முதற் புதைப்பு அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் நடந்தது. பல தொழிற்சாலைகளுக்கும் பொதுவாய் ஒரு துறையும் ஒரு குழாயும் ஒரு புதைநிலமும் அமைத்தல் இத்திட்டத்தின் நுட்பம். தனித்தனியே செய்தாற் தாங்கமுடியாத செலவு, பொதுவிற் செய்தாற் பங்கிடப்படும். அந்நாடு எண்ணெயும் வாயுவும் விற்றுச் செல்வம் பெற்ற நாடென்பதையும், இன்னும் விற்றுவருவதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் அச்செல்வத்தில் ஒரு பங்கு இவ்வழியிற் செல்வது நன்றே.

இச்செய்தி நம் நாட்டுக்குத் தொலைவானதன்று. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் அங்கே அலைவீசிய கடலின் அடித்தரை. அதிற் காணும் சங்குகளும் சிப்பிகளும் அக்கடலில் வாழ்ந்தவை. அவ்வுயிர்கள் தம் ஓடுகளில் அடக்கிவைத்த நிலைத்த காற்றையே இன்று அங்குள்ள சிமெண்டுச் சூளைகள் விடுவிக்கின்றன. தூத்துக்குடியில் 2016ஆம் ஆண்டில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை தன் கொதிகலத்தின் புகையினின்றும் ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமிலவாயுவைப் பிரித்து, கண்ணாடிக்கும் சலவைத் தூளுக்கும் வேண்டிய சோடா உப்புச் செய்ய முற்பட்டது. அஃது உலகத்தாரின் கவனத்தைப் பெற்ற நல்ல முயற்சியே. ஆனால் அவ்வுப்பைக் கண்ணாடி உலையில் இடும்போது அடங்கிய வாயு மீண்டும் வெளிப்படும். ஆகவே பிடித்தல் வேறு, புதைத்தல் வேறு. இரண்டையும் ஒரே பெயரால் வழங்கிக் கணக்கெழுதுதல் தவறு.

புதைப்பதற்கு நம்மிடம் இடமுண்டோ எனின், தேடிப் பார்த்தற்குரிய இடமுண்டு. ஐஸ்லாந்துத் தீவில் 2012ஆம் ஆண்டில் கரியமிலவாயுவை நீரிற் கரைத்து எரிமலைக் கரும்பாறைக்குள் செலுத்தினர்; இரண்டாண்டுக்குள் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் கல்லாயிற்றென்பதை 2016ஆம் ஆண்டில் அறிவித்தனர். காற்று மீண்டும் நிலைத்தது. நம் தக்காணத்திலும் அத்தகைய எரிமலைப் பாறை பரந்து கிடக்கின்றது. அது பயன்படுமா என்பதைப் பாறையைத் துளைத்து ஆராய்ந்தே முடிவுகட்ட வேண்டும். அவ்வாராய்ச்சிக்கு நீரும் பொருளும் ஆளும் வேண்டும்.

பொருள் யார் கொடுப்பது? இதுவே அனைத்தினும் கடிய வினா. இந்தியர் ஒருவர்க்கு ஆண்டில் ஏறத்தாழ 2 டன் வீதம் கரியமிலவாயு எழுகின்றது. அமெரிக்கர் ஒருவர்க்கு ஏறத்தாழ 14 டன். மேல்நாடுகள் நெடுங்காலம் எழுப்பிய புகை இன்னும் வாயுமண்டலத்தில் நிற்கின்றது. குடிசையைக் கல்வீடாக்க விழையும் ஏழையின் சிமெண்டு மூட்டையின்மேல் இச்செலவு முழுவதையும் ஏற்றுதல் நீதியாகாது. அகழ்ந்தெடுத்தவனே அடக்கிவைக்கவும் கடமைப்பட்டவன் என்னும் நியாயம் எங்கும் ஏற்கத்தக்கது. ஐரோப்பியக் கூட்டு நாடுகள் 2024ஆம் ஆண்டிற் செய்த சட்டத்தின்படி, 2030ஆம் ஆண்டுக்குள் ஆண்டொன்றுக்கு 5 கோடி டன் புதைக்கும் வசதியை அங்குள்ள எண்ணெய், வாயு உற்பத்தியாளர் ஏற்படுத்தித் தரவேண்டும். கொடையாக அன்றிக் கடமையாக விதித்த இவ்வழி மற்றை நாடுகளுக்கும் பொருந்தும். செல்வ நாடுகள் இவ்வித்தையையும் பொருளையும் ஏழை நாடுகளோடு பகிர்தலும் அக்கடமையின் பாற்பட்டதே.

கிராமத்தாருடைய அச்சத்தையும் இகழ்தலாகாது. கரியமிலவாயு காற்றினும் கனமானது. பள்ளங்களில் தேங்கி மூச்சை அடைக்கும். ஆப்பிரிக்காவின் காமரூன் தேசத்தில் நியோஸ் ஏரியினின்றும் 1986ஆம் ஆண்டில் இயற்கையாகவே வெடித்தெழுந்த இவ்வாயு ஏறத்தாழ 1,700 பேரை ஒரே இரவில் மாய்த்தது. மிசிசிப்பி மாகாணத்துச் சட்டார்ஷியா என்னும் சிற்றூரின் அருகே 2020ஆம் ஆண்டில் கரியமிலவாயுக் குழாய் வெடித்து, உயிர்ச்சேதமில்லையாயினும், நாற்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். ஆழப் பாறையில் அடங்கிய வாயு ஏரியிற் கரைந்த வாயுவைப் போன்றதன்று என்பது உண்மை. எனினும் அதைக் கொண்டுசெல்லும் குழாய் ஊர்வழியே செல்லுமாயின், அவ்வூராரைக் கேட்டு, அறிவுறுத்தி, எச்சரிக்கைக் கருவி அமைத்தபின்னரே செல்லவேண்டும். அவர்தம் இசைவின்றி எழும் பெருவேலை நெடுநாள் நில்லாது.

மாணவ நண்பர்களே! நம் நாடு 2070ஆம் ஆண்டிற் கரியமிலவாயுக் கணக்கை நேர்செய்வதாக 2021ஆம் ஆண்டிற் கிளாஸ்கோ நகரில் உறுதிகூறியது. அவ்வாண்டை எட்டுமுன் இவ்வேலையின் பெரும்பகுதி உங்கள் கையினின்றே நடைபெறல் வேண்டும். பாறையை ஆராய்வோரும், குழாயை வகுப்போரும், சிமெண்டுக்கு மாற்றுத் தேடுவோரும், சட்டம் எழுதுவோரும், கணக்கைத் தணிக்கை செய்வோரும் உங்களுள்ளிருந்தே தோன்றவேண்டும். தொழிற்சாலைகளிலும் அரசாங்கப் பணிகளிலும் அமர்ந்துள்ள பழைய மாணவர்க்கோ இக்கடன் இன்றே உண்டு. ஒரு நிலையத்தைத் திறந்துவைத்தார் என்னும் செய்தியைக் கேட்கும்போதெல்லாம், 'சென்ற ஆண்டு எத்தனை டன் புதைத்தீர்? எங்கே புதைத்தீர்? யார் அளந்தார்?' என்று கேட்கும் துணிவு அவர்பால் இருத்தல் வேண்டும்.

பூமியில் ஒன்றைப் புதைத்துவைத்தவன் அதற்குக் காவலனுமாகின்றான். நாம் புதைக்கும் வாயுவுக்கு நம் பேரர்களும் அவர்தம் பேரர்களும் காவலிருக்க வேண்டியிருக்கும். அவர்களைக் கேளாமல் அவர்கள்மேற் சுமத்தும் சுமை அது. ஆதலின் அச்சுமை எவ்வளவு சிறிதாக இருக்கக்கூடுமோ அவ்வளவு சிறிதாக்கி, தவிர்க்கவொண்ணாததை மட்டும் ஒழுங்காகக் கட்டி, உண்மையான கணக்கோடு அவர் கையில் ஒப்புவிப்போமாக.